பாட்டா, பாஷையா?

ஒரு குழந்தைக்குப் பாட்டுப் பிடிக்கும் என்பது ஒரு விஷயம். பாட்டால் அந்தக் குழந்தை பள்ளிக்கூடத்தில் தேறும் என்பது வேறு விஷயம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதிலேயே என் வேலையின் பெரும்பகுதி போகிறது. மீதி, பஸ் பயணத்தில்.

நான் சிறப்பு ஆசிரியை. சாதாரணப் பள்ளிகளில் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கும் மாற்றுத் திறனாளிக் குழந்தைகளைப் பார்க்கப் பள்ளி பள்ளியாகப் போகிறவள். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், சிற்றூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி என்று தமிழ் பேசும் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. சில இடங்களில் எந்த வயல் கேரளம், எந்த வயல் தமிழ்நாடு என்று உள்ளூர்க்காரர்களைத்தான் கேட்க வேண்டும். இந்த வேலைக்கு வருமுன் பாலக்காட்டில், செம்பை வைத்தியநாத பாகவதரின் பெயரில் இருக்கும் அரசு இசைக் கல்லூரியில் வாய்ப்பாட்டுப் படித்தேன். சங்கீதமும் சிறப்புக் கல்வியும் ஒரே ஆளிடம் இருப்பது தெரிந்தால் போதும், ஒரு கேள்வி தேடி வந்துவிடும்: “டீச்சர், இந்தப் பிள்ளைக்கு மியூசிக் தெரபி கொடுத்தா சரியாகுமா?”

நான் இசை சிகிச்சையாளர் அல்ல. அது தனிப் படிப்பு, தனித் தொழில். ஆனால் ஒரு குழந்தைக்கு அது தேவையா, அதற்காகத் தேடி அலைவதில் பொருள் உண்டா என்று பார்த்துச் சொல்ல முடியும். அந்தச் சொல்லுக்கு ஒரு கனம் இருக்கிறது. எங்கள் பகுதியில் ஒரு குழந்தைக்குக் கிடைக்கும் தனிப் பயிற்சி வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்றால் அதிர்ஷ்டம். அந்த ஒரு மணியைப் பாட்டுக்குக் கொடுத்தால் பேச்சுப் பயிற்சிக்கோ கைப் பயிற்சிக்கோ நேரம் இல்லை. கூலிக்குப் போகும் அம்மா ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் குழந்தையை அழைத்து வருகிறாள். ஆகவே, “பாட்டுதானே, கொடுத்தால் என்ன கெட்டுவிடும்?” என்று யாராவது கேட்கும்போது, கெட்டுவிடுவது அந்த ஒரு மணி நேரம்தான் என்று நான் பதில் சொல்வதுண்டு.

இந்த மண்ணில் சங்கீதத்தின் சக்தியைச் சந்தேகிப்பது கஷ்டம். செம்பை (1896–1974) பிறந்த ஊர் பாலக்காட்டுக்குப் பக்கத்தில். மிருதங்கத்துக்குப் புது இலக்கணம் சொன்ன பாலக்காடு மணி ஐயர் (1912–1981) பெயரிலேயே ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கல்பாத்தித் தேருக்கு முன் கச்சேரிகள் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். முத்துசுவாமி தீட்சிதர் தன் சீடரின் வயிற்று வலி தீர குருபகவான் மேல் கிருதி பாடினார் என்ற கதையைச் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறோம். பிறகு கேசட் காலம் வந்தது. ரத்த அழுத்தத்துக்கு ஒரு ராகம், தூக்கத்துக்கு ஒரு ராகம் என்று பட்டியல் போட்டு விற்றார்கள். பெற்றோர் என்னிடம் எதிர்பார்ப்பதும் அந்தப் பட்டியலைத்தான். பிள்ளை பேச வேண்டும், எந்த ராகம்?

பள்ளியில் நடக்க வேண்டிய மதிப்பீட்டில் ராகத்தின் பெயரே வராது. மேல்நாடுகளில் இசை சிகிச்சை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தொழிலாக உருவெடுத்தது. அமெரிக்காவில் 1950ல் அதற்கென்று தேசிய சங்கம் தொடங்கியது. 1959ல் பால் நார்டாஃப் என்ற இசையமைப்பாளரும் கிளைவ் ராபின்ஸ் என்ற சிறப்பு ஆசிரியரும் சேர்ந்து குழந்தைகளோடு வாசிக்க ஆரம்பித்தது ஒரு தனி வழியாகவே வளர்ந்தது. ஆனால் பள்ளிக்கூடம் கேட்கும் கேள்வி வேறு. இந்த மாணவனின் கல்வித் திட்டத்தில் எழுதியிருக்கும் இலக்கை எட்ட இசை உதவுமா, இல்லையா? அமெரிக்காவில் கேத்லீன் கோல்மன், பெட்சி பிரங்க் என்ற இரண்டு இசை சிகிச்சையாளர்கள் இதற்கு ஒரு முறையை வகுத்து 1999ல் புத்தகமாக வெளியிட்டார்கள்.

முறை எளிமையானது. முதலில் குழந்தையின் ரிக்கார்டுகளைப் படிக்க வேண்டும். ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் பேச வேண்டும். திட்டத்திலிருந்து சில இலக்குகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு இசை இல்லாத வகுப்பில் குழந்தை அந்த வேலையை எப்படிச் செய்கிறது என்று பார்க்க வேண்டும். கடைசியாக, அதே வேலையை இசையோடு கொடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் கணிசமான வித்தியாசம் இருந்தால் சிகிச்சையைச் சிபாரிசு செய்யலாம். இல்லை என்றால் இல்லை. குழந்தை சிரித்தது, கை தட்டியது, ஆடியது என்பதெல்லாம் கணக்கில் சேராது. எல்லாக் குழந்தைகளும் பாட்டுக்குச் சிரிக்கும்.

அமெரிக்க வகுப்பறைக்கு வகுத்த முறை அது. அதை எல்லையோர ஊருக்குக் கொண்டுவந்தால் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு பையனால் எனக்கு அது தெளிவாயிற்று.

ஏழு வயது. ஆட்டிசம் என்று மருத்துவச் சான்றிதழ் இருக்கிறது. வீட்டில் தமிழ். பள்ளியில் சேர்த்திருப்பது மலையாள வழி வகுப்பில். நாளைக்குக் கேரளத்தில் ஒரு வேலை என்று போனால் மலையாளம் வேண்டும் என்பது அப்பாவின் கணக்கு. தப்பு என்று சொல்ல முடியாது. வகுப்பில் அவன் எந்தக் கட்டளைக்கும் அசைவதில்லை. வீட்டில் நிலைமை வேறு என்றார் பாட்டி. “பாட்டாப் பாடிச் சொன்னாப் போதுங்க டீச்சர், அத்தனையும் கேக்கறானுங்க. கொளுத்து வேலைக்குப் போயிட்டு வந்து நாந்தான் பாடிப் பாடிச் சோறூட்டுவனுங்க.” டவலை எடுத்து வா, கதவைச் சாத்து என்று எல்லாவற்றையும் தாலாட்டு மெட்டில் இழுத்துப் பாடிக் காட்டினார். பையனும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். வகுப்பு டீச்சருக்குச் சந்தோஷம். இவனுக்கு மியூசிக் தெரபிதான் என்று முடிவே செய்துவிட்டார்கள். என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

ஒன்று மட்டும் உறுத்தியது. வகுப்பில் அவனிடம் பேசுவது மலையாளத்தில். பாட்டி பாடுவது தமிழில். இரண்டு சூழ்நிலைக்கும் நடுவே மாறியது பாட்டு மட்டும் அல்ல, பாஷையும்தான். மலையாளமும் தமிழும் பெரியவர்கள் காதுக்குப் பக்கத்து வீடுகள். “வாதில் அடய்க்கூ, கசேரயில் இரிக்கூ” என்றால் நமக்கு அரைகுறையாகவாவது புரியும். ஒவ்வொரு சொல்லையும் பிடிக்கவே திணறும் ஒரு குழந்தைக்கு “கதவைச் சாத்து, சேர்ல உக்காரு” என்பது ஒரு உலகம், அது இன்னொரு உலகம்.

ஆகவே இரண்டு சோதனையை நான்காக்கினேன். மலையாளத்தில் பேச்சு, மலையாளத்தில் பாட்டு, தமிழில் பேச்சு, தமிழில் பாட்டு. அதே கட்டளை, அதே அறை, அதே ஆள். பாட்டி போட்ட அதே மெட்டு. பழக்கத்தால் தேறிவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு நாளும் வரிசையை மாற்றினேன். இரண்டு வாரத்தில் ஒவ்வொன்றும் பத்துத் தடவை. மலையாளப் பேச்சுக்கு இரண்டு தடவை சரியாகச் செய்தான். மலையாளப் பாட்டுக்கு மூன்று. தமிழில் பாடியபோது எட்டு. தமிழில் சும்மா சொன்னபோதும் எட்டு.

நோட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் பாட்டு என்று நினைத்தது தமிழாக இருந்தது. அவனுடைய ஆட்டிசம் தமிழால் மாயமாகிவிடாது. அது இருக்கிறது, அதற்கான பயிற்சியும் தேவை. ஆனால் அந்தப் பயிற்சி எந்த பாஷையில் என்பதுதான் முதல் கேள்வி. பாட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

சிபாரிசில் இப்படி எழுதினேன்: இசை சிகிச்சை அவசியம் இல்லை, பேச்சுப் பயிற்சி தமிழில் தரப்பட வேண்டும், வகுப்பில் அன்றாடக் கட்டளைகளை முதலில் தமிழிலும் பிறகு மெல்ல மலையாளத்திலும் சொல்லிப் பழக்க வேண்டும். பாட்டிக்கு முகம் வாடிவிட்டது. “அப்போ பாட்டே வேண்டாங்களா?” என்றார். பாட்டு வேண்டும் என்றேன். நீங்கள் பாடுவதை நிறுத்த வேண்டாம், பள்ளியில் பாட்டு வகுப்பு நடக்கும்போது மற்றப் பிள்ளைகளோடு அவனும் உட்கார வேண்டும். அது அவனுக்கு மருந்து அல்ல, உரிமை. 2005ல் வந்த தேசியக் கலைத்திட்டமே கலையை எல்லாக் குழந்தைகளுக்குமான பாடம் என்றுதான் சொல்கிறது. ஊனமுள்ள பிள்ளை பாட வேண்டும் என்றால் மட்டும் அதற்குச் சிகிச்சை என்று பெயர் வைத்து, ஒரு நிபுணர் சீட்டு எழுத வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது எனக்குப் புரிவதில்லை.

ஆட்டிசத்துக்கு இசை சிகிச்சையே வீண் என்று இதிலிருந்து யாரும் முடிவு கட்ட வேண்டாம். உலக அளவிலும் விடை ஒரே நிறத்தில் இல்லை. ஒன்பது நாடுகளில் நான்கு முதல் ஏழு வயது வரையிலான 364 குழந்தைகளிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2017ல் வெளியானது. ஐந்து மாத முடிவில், இசை சிகிச்சை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் பிறரோடு பழகும் திறனில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்றது அது. 2022ல் 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த இன்னொரு தொகுப்பு, பொதுவான முன்னேற்றத்துக்கு வாய்ப்பு கூடுகிறது என்றது. இரண்டையும் படித்தால் கிடைக்கும் பாடம் ஒன்றுதான். சராசரி ஒரு குழந்தையைப் பற்றி எதுவும் சொல்லாது. அந்தக் குழந்தையிடமே போய்ப் பார்க்க வேண்டும்.

அப்படிப் போய்ப் பார்த்த இன்னொரு குழந்தை மூணாறில். பாலக்காடும் இடுக்கியும் அடுத்தடுத்த மாவட்டங்கள் அல்ல. நடுவில் திருச்சூரும் எறணாகுளமும் இருக்கின்றன. ஆனால் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள் என்று பார்த்தால் இரண்டும் பங்காளிகள். 1956ல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன; தேயிலைத் தோட்டத்துத் தமிழர்களும் அங்கேயே நின்றார்கள். எங்கள் பக்கத்திலிருந்து மூணாறு போகும் பாதையே பொள்ளாச்சி, உடுமலை என்று தமிழ்நாட்டுக்குள் இறங்கி, சின்னாறு செக்போஸ்ட்டில் மறுபடி கேரளத்துக்குள் நுழைந்து, மறையூர் வழியாக ஏறுகிறது. அங்கே வேலை பார்க்கும் தோழி ஒருத்தி ஒரு கோடை விடுமுறைக்கு முன்னால் கூப்பிட்டாள். தமிழ் வழிப் பள்ளி. எட்டு வயதுப் பெண். இடது காலும் இடது கையும் கொஞ்சம் இழுக்கும். லேசான மூளை முடக்குவாதம் என்று ரிக்கார்டு சொன்னது.

அவள் திட்டத்தில் இருந்த இலக்கு சாதாரணமானது. மதியச் சாப்பாட்டுக்கு முன் வகுப்பிலிருந்து குழாயடி வரை யார் துணையும் இல்லாமல் போய்க் கை கழுவிவிட்டு வர வேண்டும். இருபது எட்டு தூரம். நாலைந்து இடத்தில் நின்றுவிடுவாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, அடுத்த காலை எப்போது எடுத்து வைப்பது என்று யோசிப்பது போல நிற்பாள். அதற்குள் வரிசை முடிந்துவிடும். பிறகு சாப்பாட்டை யாராவது அவள் இடத்துக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். அப்படியே பழகிவிட்டது.

இங்கே மியூசிக் தெரபியைப் பற்றி யாரும் பேசவே இல்லை. “பாட்டுன்னாலே இவளுக்கு ஆகாது டீச்சர். கோயில் கொடைக்கு மைக்செட் போட்டா கட்டிலுக்கு அடியில போயிருவா” என்றாள் அம்மா. கொழுந்து எடுத்துவிட்டு நேராக வந்திருந்தாள். தலைத்துணி இன்னும் இருந்தது. பாட்டு வகுப்பில் காதைப் பொத்திக்கொள்வாள் என்று பள்ளியிலும் சொன்னார்கள்.

முதல் நாள் சும்மா பார்த்தேன். இரண்டாம் நாள் ஒரு தோழி கூட நடந்து வந்தாள், நிற்பது குறையவில்லை. ஆள் துணை இருந்தால் போதும் என்பது அதோடு அடிபட்டுப் போயிற்று. மூன்றாம் நாள் வாசலில் உட்கார்ந்து, ஒரு மரப் பலகையைப் பேனாவால் தட்டினேன். பாட்டு இல்லை, ராகம் இல்லை. அவள் நன்றாக நடக்கும் நாலு எட்டின் வேகம் எதுவோ அதே வேகத்தில் தட்டு. காதைப் பொத்தவில்லை. இரண்டே இடத்தில் நின்றாள். வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் தடுமாறினாள், உடனே குறைத்தேன். மழை தகரக் கூரையில் விழுந்த ஒரு நாள் தட்டே கேட்கவில்லை, பழையபடி நின்று நின்று போனாள். அந்த மழையும் ஒரு சோதனைதான். பத்து நாளில் படம் தெளிவாகிவிட்டது.

இதில் மாயம் எதுவும் இல்லை. சீரான தாளத்தைக் கேட்கும்போது அடுத்த தட்டு எப்போது விழும் என்று மூளைக்கு முன்கூட்டியே தெரிகிறது. கால் அதற்குத் தயாராகிறது. பக்கவாதம் வந்தவர்களும் பார்க்கின்சன் நோயாளிகளும் தாளத்துக்கு ஏற்ப நடக்கும்போது நடை சீராவதை 1990களில் அமெரிக்காவில் மைக்கேல் தௌட் குழுவினர் ஆராய்ந்து எழுதினார்கள். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளிடமும் பிறகு ஆய்வுகள் நடந்தன. எஸ்டேட் வீட்டு வரிசைக்கு அந்தப் பக்கத்தில் ‘லயம்’ என்று பெயர். லயத்தில் பிறந்த பெண்ணுக்குத் தேவைப்பட்டதும் லயம்தான் என்று தோழி சிரித்தாள்.

தட்டினால் நடக்கிறாள் என்பதோடு வேலை முடியவில்லை. பலகையோடு ஆயுசுக்கும் யார் பின்னால் போவது? தட்டு நின்ற பிறகு என்ன மிச்சம் என்று பார்த்தாக வேண்டும். முதல் நாலு தட்டு மட்டும் கொடுத்து நிறுத்திப் பார்த்தேன். பாதித் தூரம் வரை பிடித்துக்கொண்டு போனாள். பிறகு ஒண்ணு, ரெண்டு என்று அவளையே எண்ணச் சொன்னோம். வாய்க்குள் எண்ணிக்கொண்டு போனாள். தாளம் பலகையிலிருந்து அவளிடம் போவதற்கு வாய்ப்பு இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. பிசியோதெரபிஸ்ட்டைக் கலந்துகொண்டு, தாளத்தோடு நடைப் பயிற்சி பன்னிரண்டு வாரம், பிறகு மறுபடி மதிப்பீடு என்று எழுதினோம். பாட்டு ஆகாது என்று எல்லோரும் சொன்ன பெண்ணுக்கு இசை வழியாக உதவி. பாட்டென்றால் உயிர் என்று எல்லோரும் சொன்ன பையனுக்கு வேறு உதவி.

இரண்டு சிபாரிசும் காகிதத்தில் எழுதச் சுலபம். நிறைவேற்ற ஆள் வேண்டும். 2016ன் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், குறைந்தது 40 சதவீத ஊனம் உள்ள குழந்தைக்கு ஆறு முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. அந்தக் கல்வி எந்த பாஷையில், யார் கையால் என்பது பள்ளிக்குப் பள்ளி மாறுகிறது. மறுவாழ்வுத் துறையினரைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் 16 பிரிவுகளில் இசை சிகிச்சையாளர் இல்லை. புதுச்சேரியில் ஸ்ரீ பாலாஜி வித்யாபீடம் போன்ற ஒரு சில இடங்களில் முறையான படிப்பு இருக்கிறது. ஆனால் படித்து முடித்தவருக்கு ஒரு அரசுப் பள்ளியில் உட்கார நாற்காலி கிடையாது. விளைவு, யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம். பையனின் அப்பாவிடம் ஒருவர் மாதக் கட்டணம் சொல்லி, ஆறு மாதத்தில் பேச வைக்கிறேன் என்றிருக்கிறார். எந்த இலக்கு, எப்படி அளப்பீர்கள் என்று கேட்கும்படி அப்பாவிடம் சொல்லி அனுப்பினேன். பிறகு அவர் அங்கே போகவில்லை.

தமிழ் தெரிந்த பேச்சுப் பயிற்சியாளர் கோவையில் கிடைப்பார். வேலந்தாவளத்தைத் தாண்டினால் கொஞ்ச தூரம்தான். ஆனால் அது வேறு மாநிலம், கட்டணம் சொந்தச் செலவு. இப்போதைக்கு, எங்கள் பக்கத்துப் பயிற்சியாளரே பாட்டியிடம் கேட்டு அறுபது தமிழ்ச் சொற்களை மலையாள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு அவனிடம் பேசிப் பார்க்கிறார். உச்சரிப்பு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பையன் கண்டுகொள்வதில்லை. “கதவைச் சாத்து” என்றால் போய்ச் சாத்துகிறான். சாத்திவிட்டு, யாரும் கேட்காமலே பாட்டியின் மெட்டை முணுமுணுக்கிறான். அதை நான் எந்தக் கட்டத்திலும் குறிப்பதில்லை.